கட்டிலுக்குப் பின்னால் தூசி இல்லை

என் மனைவி புஷ்பத்துக்கு முழங்கால் வலியே இல்லை என்று நான் நம்பினேன். நடிக்கிறாள் என்று நம்பினேன். நடித்து என்னிடம் வேலை வாங்குகிறாள் என்று நம்பினேன்.

அதற்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. சிரிக்காதீர்கள்... ஆதாரம் எங்கள் வீட்டுச் சுவரின் அடியில், தரையோடு தரையாக இருந்தது.

சரி, சிரித்துவிட்டே வாருங்கள். என்னைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்று ஊரே பழகிக்கொண்டுவிட்டது. உங்களை மட்டும் தடுத்து என்ன பயன்? பதுளை டவுனில் டைல்ஸ் கடையில் நிற்கிறவன் நான். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் என் பக்கத்து நாற்காலிக்குத்தான் போட்டி. வாய் அப்படி. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வாய் செய்த ஒரு காரியத்தைப் பற்றி. கேட்டு முடிக்கும்போது நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தால் எனக்கு வருத்தமில்லை. நான் சிரித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

எங்கள் வீடு ஹாலிஎல தாண்டி, ரயில் பாதைக்கு மேலே, சரிவில் இருக்கிறது. அதைக் கட்டிய காலத்தில் ஒரு தோட்டத்துத் துரை பங்களாவில் பழைய மரவேலையைக் கழற்றிவிட்டு டைல்ஸ் பதித்தார்கள். சுவரின் அடியில், தரையைத் தொட்டபடி ஓடுமே ஒரு நீளப் பலகை, அந்தப் பலகைகள் எல்லாம் விறகாகப் போகக் கிடந்தன. டைல்ஸ் கொண்டுபோய் இறக்கிய லொறியிலேயே பலகைகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளைப் பெயின்ட் அடித்து எங்கள் வீட்டு அறைகளைச் சுற்றி மாட்டினேன். துரை வீட்டுச் சாமான்!

வீடு கட்டிய மேசன்பாஸ் அதை ஸ்கேட்டிங் என்றார். ஸ்கேர்ட் என்றால் பாவாடை, சுவருக்குக் கட்டுகிற பாவாடைதான் இது என்று நான் புஷ்பத்துக்கு விளக்கம் சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் சுவத்துப் பாவாடை.

பலகையின் மேல்விளிம்பில் அழகாக ஒரு பள்ளம் கடைந்திருப்பார்கள். அழகுதான். ஊவா மலைநாட்டின் அத்தனை தூசியும் அந்தப் பள்ளத்தில்தான் வந்து குடியேறும். பனிமூட்டம் இறங்கினால் அந்தத் தூசி களியாகும். களி காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். வெள்ளைப் பெயின்ட் வேறு, ஒன்றையும் ஒளிக்காது. துரை வீட்டில் பலகையைத் துடைக்க ஆட்கள் இருந்தார்கள். பலகையை ஏற்றி வந்தவனுக்கு அந்த ஆட்களைப் பற்றி நினைவு வரவில்லை. வீட்டில் புஷ்பம் இருந்தாள் அல்லவா... அதனால் வரவில்லை.

அவள்தான் துடைத்தாள். குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியை விரலில் சுற்றி, பள்ளத்துக்குள் விரலை ஓட்டிக்கொண்டே அறை அறையாக நகர்வாள். மடுல்சீமையில் பிறந்தவள். சின்ன வயதிலிருந்து தேயிலைக் கொழுந்தெடுத்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் பக்கத்துத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். சரிவில் ஏறியும் இறங்கியும் தேய்ந்த முழங்கால்கள் இரண்டும் ஒருநாள் ஸ்ட்ரைக் அடித்தன. வேலையை விட்டாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இனிமேல் குந்தக்கூடாது, முட்டி போடக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"என்னாங்க, அப்ப பாவாடைய யாரு தொடைக்கிறது?"

"அதுக்கென்ன, அழுக்குப் பாவாடையோட நிக்கட்டும் சுவரு."

"மாட்டிவிட்டவருதான் தொடைக்கணும்."

நியாயமான தீர்ப்பு.

ஆனால் குனிவது எனக்கும் ஒத்துவராது. வயிறு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அதனால் யோசித்தேன். சோம்பேறி யோசிக்கத் தொடங்கினால் உலகத்துக்கு ஏதாவது நன்மை பிறக்கும். பழைய விளக்குமாற்றுக் கட்டையின் நுனியில் கொஞ்சம் ஸ்பொஞ்சை வைத்து, அதற்கு என் பழைய சொக்ஸை மாட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கினேன். கடைசித் தண்ணீரில் துணிகளுக்கு விடுவார்களே வாசனைத் திரவம், அதில் ஒரு மூடி எடுத்துத் தண்ணீரில் கலந்து சொக்ஸை நனைத்துப் பிழிந்தேன். அந்தத் திரவம் பட்டால் பலகையில் மறுபடி சீக்கிரம் தூசி ஒட்டாது. இதைக் கடைக்கு வந்த ஒரு பெண் சொல்லித் தந்தாள். பிறகென்ன, குனிய வேண்டாம், குந்த வேண்டாம், வாளி தூக்க வேண்டாம். நிமிர்ந்து நடந்தபடியே கட்டையைப் பலகை மேல் ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொள்ளக்கூட முடிந்தது.

அதைப் போனில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டேன். பாட்டுப் பாடிக்கொண்டு துடைக்கிற படம். கொஸ்லந்தையிலிருந்து புஷ்பத்தின் தங்கை தவமணி உடனே குரல் அனுப்பினாள். "அக்கா குடுத்து வச்சவ. மாமா மாதிரி ஆம்பள இந்த மலையில எங்கயும் இல்ல. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, சொக்ஸு கழட்டிப் போட்ட எடத்த விட்டு நகராது." அவள் கணவன் முருகேசு எனக்குத் தனியாக எழுதினான்: "சகல, ஏன் இந்தக் கொல வெறி?"

அந்தப் புகழில் நான் கொஞ்சம் வீங்கித்தான் போனேன்.

புஷ்பம் மட்டும் வீங்கவில்லை. நான் துடைத்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணால் ஒரு சுற்று வருவாள். "அரப்பேரு," என்பாள். தோட்டத்தில் கங்காணி போடுகிற கணக்கு அது. நாள் வேலை நிறைந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அரைநாள் கூலி. மூலையெல்லாம் அப்படியே கிடக்கிறது, பள்ளத்தில் சொக்ஸ் இறங்கவில்லை, கட்டிலுக்குப் பின்னால் போகவேயில்லை. கங்காணியம்மா சொன்னது எல்லாம் உண்மை. கட்டிலுக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள்? நான் அரைப்பேரோடு நிம்மதியாக இருந்தேன்.

இப்படியே போன ஒரு சனிக்கிழமை அவள் சொன்னாள்: "இன்னைக்கி முழுப்பேரு."

அடுத்த சனிக்கிழமையும் முழுப்பேர். அதற்கடுத்ததும்.

வேலை மாறவில்லை. நான் அதே ஆள், அதே சொக்ஸ். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். புகழை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? நீங்கள் கொடுப்பீர்களா?

பிறகு ஒருநாள் என் மூக்குக்கண்ணாடி கட்டிலுக்குப் பின்னால் விழுந்தது. வேறு வழியில்லாமல் படுத்து ஊர்ந்து உள்ளே போனேன். என் கட்டை ஒருநாளும் போகாத இடம் அது. கைவிளக்கை அடித்துப் பார்த்தால்... பலகை பளபளவென்று இருக்கிறது. பள்ளத்தில் விரல் வைத்து இழுத்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

முதலில் என் மூளைக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த வாசனைத் திரவம் இவ்வளவு தூரம் வேலை செய்கிறதே என்று தோன்றியது. முன்சுவரைத் துடைத்தால் பின்சுவர் தானாகச் சுத்தமாகிறது! இதையும் குழுவில் போடலாம் என்று கட்டிலுக்கு அடியில் கிடந்தபடியே ஒரு கணம் நினைத்தேன்.

அடுத்த கணம்தான் கேள்வி வந்தது.

யார் துடைக்கிறார்கள்? வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மகள் கல்யாணமாகி வெலிமடையில் இருக்கிறாள். நான் துடைக்கவில்லை. அப்படியென்றால் அவள். அவள் துடைப்பதென்றால் குந்த வேண்டும். குந்துகிறாள் என்றால்?

அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன். சுத்தம். கதவிடுக்கு மூலையில் பார்த்தேன். சுத்தம்! எந்த மனிதனும் தன் வீடு இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து இவ்வளவு வயிறு எரிந்திருக்க மாட்டான்.

நீங்கள் கேட்கலாம், இதற்கு ஏனப்பா இவ்வளவு பதற்றம் என்று. சொல்கிறேன். அந்த வலி வந்த நாளிலிருந்து நான் மாறியிருந்தேன். ரொட்டி தட்டப் பழகினேன். ஊற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் தூக்கினேன். மாலையானால் அவள் காலை என் மடியில் வைத்து எண்ணெய் தேய்ப்பேன். கடையில் டைல்ஸ் எடுத்துக் காட்டும்போது கையிலிருந்து மருந்தெண்ணெய் வாசம் வருகிறது என்று முதலாளியே முகம் சுளிப்பார். தேய்க்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் நான் வேடிக்கை பேசுவதில்லை. வாழ்க்கையில் நான் வேடிக்கை பேசாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான். அந்த நேரம் பொய் என்றால்... அந்த மூடிய கண் பொய் என்றால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு கேள்வி. நான் கேட்கவில்லை. என் வாயில் எதைப் போட்டாலும் அது வேடிக்கையாகத்தான் வெளியே வரும். வலிக்கிறபோது எப்படிப் பேசுவது என்று அதற்குத் தெரியாது.

அதனால் துப்பறிந்தேன்.

ஒருநாள் கடையிலிருந்து நேரத்தோடு வந்தேன். அவள் நாற்காலியில் இருந்தாள். மூச்சு வாங்கியது. கழுத்தெல்லாம் வேர்வை. சேலையின் பின்பக்கம் அழுக்கு.

"என்னா புஷ்பம், மலையேறிட்டு வந்தியா?"

"இல்லங்க. சும்மா வாசல்ல வெயில்ல நின்னேன்."

வெளியே எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மூட்டம். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னாள்.

அடுத்து பவுடர் பொறி. மறுநாள் வேலைக்குப் போகுமுன் கட்டிலுக்குப் பின்னாலும் அலுமாரி ஓரத்திலும் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவிவிட்டுப் போனேன். குந்தினால் பாதம் பதியும். முட்டி போட்டால் முட்டி பதியும். குற்றவாளி தப்ப முடியாது. மாலை வந்து பார்த்தேன். பாதமும் இல்லை, முட்டியும் இல்லை. பலகை ஓரமாக, ஒரு சாக்கைத் தரையில் வைத்து இழுத்துப் போனது போல அகலமான ஒரு தடம் மட்டும் இருந்தது.

அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சாக்கை இழுத்த தடம் என்றுகூட நினைத்தேன், பாருங்கள். அவ்வளவு கிட்டப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். கெட்டிக்காரி, தடத்தை அழித்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தவை சின்னச் சின்ன விஷயங்கள். சின்னவை என்றுதான் அப்போது நினைத்தேன்.

எண்ணெய் தேய்ப்பதை நிறுத்தினேன். டைல்ஸ் பசை பட்டுக் கையில் அரிப்பு என்றேன். அவள் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் காணவில்லை. இருந்தும், "தேங்கெண்ணெ போடுங்க," என்றாள். உப்பு டின்னைக் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு, குனிந்து எடுக்கிறாளா என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கரண்டியால் அதை இழுத்து, காலால் நகர்த்தி, சுவரோடு உயர்த்தி எடுத்தாள். பார்க்கிறேன் என்று தெரிந்து நடிக்கிறாள் என்றுதான் அதற்கும் எனக்குத் தோன்றியது. ஒருமுறை சந்தேகம் பிடித்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சி சொல்லும்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கிளினிக் நாள் வந்தது. கடையில் லீவு தரமாட்டார்கள் என்றேன். முதலாளியிடம் நான் லீவே கேட்கவில்லை.

"பரவால்லங்க. அடுத்த தடவ போவோம். இப்ப கொஞ்சம் நல்லாத்தான் இருக்கு."

நல்லாத்தான் இருக்கு! கேட்டீர்களா? தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாள் என்று நான் அன்று முழுவதும் உள்ளுக்குள் குதித்தேன். ஏமாற்றப்பட்டவனுக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அதை நான் சேலையைப் போல நன்றாகச் சுற்றிக் கட்டிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவமணியும் முருகேசுவும் கொஸ்லந்தையிலிருந்து வந்தார்கள். தவமணி வந்ததும் வராததுமாக வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறைப் பலகையின் பள்ளத்தில் விரலை ஓட்டி, கணவன் முகத்துக்கு நேரே அந்த விரலை நீட்டினாள்.

"பாருங்க. தூசி இருக்கா? மாமா தொடச்சது."

"எனக்குக் கண்ணு தெரியாது," என்றான் முருகேசு.

"சொக்ஸு இருக்குல்ல?"

"அதுவும் ஓட்டையா இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். புஷ்பமும் சிரித்தாள். சிரித்துவிட்டு என் பக்கம் பார்த்து, "முழுப்பேருக்காரரு," என்றாள்.

அந்தச் சொல்தான். என்னை வைத்து விளையாடுகிறாள் என்று எனக்குக் காது அடைத்தது. துடைத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். துடைக்காதது நான் என்றும் தெரியும். தெரிந்துகொண்டே நாலு பேர் முன்னால் எனக்குப் பேர் போடுகிறாள்... இன்றைக்கு இந்த நாடகத்தை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

என் வழியில்தான் முடிக்க வேண்டும். வேடிக்கையாக.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை மலையில் சிறுத்தை என்று கத்தினால் சில பேர் நின்று எங்கே என்று கேட்பார்கள். குளவி என்று கத்தினால் யாரும் நிற்க மாட்டார்கள். பாறையிடுக்கில், மரத்தில் கூடு கட்டியிருக்கும். கலைந்தால் மொத்தமாக வந்து விழும். ஆள் சாவதும் உண்டு. கொழுந்தெடுத்த எந்த உடம்பும் அந்தச் சொல்லுக்கு மூளையைக் கேட்காமலே அசையும். புஷ்பம் அசைந்தால் போதும். துள்ளி எழுந்து ஓடினால் போதும். வலி எங்கே போச்சு என்று நான் வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் வேறு வழியில்லாமல் சிரிப்பாள். வழக்கு முடியும்.

அவள் ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். மடுல்சீமையில் அவள் கொழுந்தெடுத்த நிரைக்கு, அதாவது செடி வரிசைக்கு, பக்கத்து நிரையில் குளவி கலைந்த கதை. "ஓடினா வெரட்டும்ங்க. ஓடக்கூடாது. படங்க இழுத்துப் போத்திக்கிட்டு அப்பிடியே கெடக்கணும். பக்கத்துல ஒருத்தி ஓடப் பாத்தா. அவளையும் இழுத்து உள்ள போட்டு மூடிக்கிட்டேன்." படங்கு என்பது கொழுந்தெடுக்கும்போது செடி கிழிக்காமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு. வேலையை விட்ட பிறகும் தன்னுடையதை அவள் மடித்து வைத்திருந்தாள்.

இதைச் சொன்னபோது நான் ஏதோ வேடிக்கை பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவிருக்கிறது. அவள் சொன்னதுதான் நினைவில் நிற்கவில்லை.

புஷ்பம் முன்னறையில் நாற்காலியில் இருந்தாள். மற்ற இருவரும் பாயில். நான் குசினிக்குள் போய் ஒரு சட்டியை உருட்டிவிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வந்தேன்.

"குளவி! கூட்டோட வருது, ஓடுங்க!"

நம்ப வைக்க வேண்டும் அல்லவா? அதனால் நான் நிற்கவில்லை. மூன்று பேரையும் தாண்டி, முன்வாசல் வழியாக நான்தான் முதலில் வெளியே பாய்ந்தேன். பின்னால் தவமணி சேலையை முட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு வந்தாள். அவளை இடித்துக்கொண்டு முருகேசு வந்தான். ஆனைக்கொய்யா மரத்தடியில் நின்று தலையைக் கைகளால் மூடிக்கொண்டோம்.

குளவி வரவில்லை. முருகேசு மெதுவாகக் கையை எடுத்து என் முகத்தைப் பார்த்தான்.

"சகல... உங்க வேலதானே?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தவமணி செருப்பைக் கழற்றி என் மேல் வீசினாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது வருவாள். இப்போது...

உள்ளே நாற்காலி சரியும் சத்தம் கேட்டது. தொப்பென்று இன்னொரு சத்தம்.

"அக்கா வரலியே," என்றாள் தவமணி.

கண்டுபிடித்துவிட்டாள், அதனால்தான் அசையாமல் இருக்கிறாள், சாமர்த்தியசாலி... அப்போதும் நான் இப்படித்தான் நினைத்தேன். இதை உங்களிடம் சொல்லும்போது என் வாய் கசக்கிறது.

பிறகு ஒரு சத்தம் வந்தது. பொலிஷ் போட்ட தரையில் பிளாஸ்டிக் உரசுகிற சத்தம். சர்ரென்று வந்து நிற்கும். மறுபடி சர்ரென்று வரும். வாசல்நிலைக்கு உள்ளே, தரை மட்டத்தில், பலகையின் முனையைப் பிடித்தபடி ஒரு கை தெரிந்தது.

புஷ்பம் உட்கார்ந்தபடியே வந்தாள். சேலைத் தலைப்பால் தலையை மூடியிருந்தாள். ஒரு காலை நீட்டி, மறு காலால் உந்தி, கையால் பலகையைப் பற்றி இழுத்து இழுத்து, சுவர் ஓரமாகவே வந்தாள். படுக்கையறை வரை போய் வந்திருக்கிறாள். அவளுக்கு அடியில் அந்தப் படங்கு இருந்தது. அதன் மேல் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வந்தாள்.

வாசல்நிலையில் சுவரில் சாய்ந்து, படங்கை அடியிலிருந்து உருவி எடுத்து, என் பக்கம் நீட்டினாள்.

"ஓடாதீங்க. இந்தாங்க, இத போத்திக்கிட்டு குந்துங்க."

படங்கின் அடிப்பக்கத்து மடிப்புகளில் வெள்ளையாகப் பவுடர் அப்பியிருந்தது. ஒரு முனையில் என் பழைய சொக்ஸ் ஜோடியில் மற்றதை முடிந்து வைத்திருந்தாள்.

"அக்கா, குளவியும் இல்ல ஒண்ணும் இல்ல. மாமா சும்மா வெளாடுறாரு," என்றாள் தவமணி. அவள் குரலில் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

புஷ்பம் படங்கைக் கீழே வைக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அப்ப ஏன் ஓடினீங்க?"

"சும்மாதான்... சிரிக்க."

அவள் சிரித்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது, இருந்தாலும் சிரித்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வேடிக்கை எதற்கும் அவள் சிரிக்காமல் இருந்ததில்லை. அன்றைக்கும் பாக்கி வைக்கவில்லை.

நாற்காலியிலிருந்து எழுந்தபோது முழங்கால் மடங்கி விழுந்திருக்கிறாள். நாங்கள் தூக்கி உட்கார வைக்கும்போதே முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. முருகேசு போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோவைக் கூட்டி வந்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், போன கிளினிக்குக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் புஷ்பம் பதில் சொன்னாள்.

"இவருக்கு லீவு கெடைக்கல டாக்டர்."

அவள் இப்போது ஊன்றுகோல் வைத்து நடக்கிறாள். அது இல்லாமல் நடப்பாளா என்று டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பலகையைப் பற்றிக் கேட்டேன். கேட்பதற்கு அவ்வளவு எளிதான கேள்வியாக இருந்தது அது. அவள் ஒளிக்கவும் இல்லை. குந்தத்தானே கூடாது என்றார்கள், உட்காரக்கூடாது என்று சொல்லவில்லையே என்றாள். படங்கை விரித்து உட்கார்ந்து, நிரை பிடிப்பது போலச் சுவர் ஓரமாக வழுக்கிக்கொண்டே போனால் கொஞ்சம்தான் வலிக்குமாம். சொக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டால் விரல் பள்ளத்துக்குள் இறங்குமாம். திரும்ப எழுந்திருப்பதுதான் பெரும்பாடாம். நான் வருவதற்குள் எழும்பி நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவசரப்படுவாளாம்.

"ஏன் சொல்லல?"

"நீங்க படமெல்லாம் எடுத்துப் போட்டீங்க. தவமணி அப்பிடிப் புகழ்றா. அந்த நேரத்துல போயி, மிச்சத்த நான்தான் தொடைக்கிறேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? நீங்க செஞ்சது அரப்பேரு. நான் ஒரு அரப்பேரு போட்டேன். சேத்து முழுப்பேரு."

இப்போது பலகையை நான் துடைக்கிறேன். சொக்ஸ் மாட்டிய கட்டை வேலிக்குப் போய்விட்டது. முட்டி போட்டு, விரலைப் பள்ளத்துக்குள் விட்டு, கட்டிலுக்குப் பின்னாலும் போய்த் துடைக்கிறேன். எனக்கும் முழங்கால் வலிக்கிறது. வலிக்கட்டும் என்று சொல்ல ஆசைதான். அதைச் சொன்னால் நான் நல்லவன் ஆகிவிடுவேன், அதனால் சொல்லவில்லை. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். அவள் நாற்காலியிலிருந்து பேர் போடுவதில்லை. கேட்டால், "இப்ப நான் எங்க பாக்குறேன்," என்பாள்.

குழுவில் அந்தக் குளவிக் கதையைத் தவமணி ஒருநாள் சொன்னாள். மாமாவின் விளையாட்டு எல்லை மீறிப் போய்விட்டது என்று கொஞ்சம் கோபத்தோடுதான் சொன்னாள். அதற்குப் புஷ்பம் பதில் அனுப்பியிருந்தாள். "அவரு சும்மா வெளாட்டுக்குச் செஞ்சது. என் காலு எப்பிடியும் போற காலுதான்."

வெளாட்டுக்குச் செஞ்சது. அவள் இன்றுவரை அப்படித்தான் நம்புகிறாள். நான் திருத்தவில்லை. பவுடர் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லீவு கதையும் அப்படியே இருக்கிறது. மாலையில் மறுபடி எண்ணெய் தேய்க்கிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். சொல்லிவிடலாம் என்று அப்போதெல்லாம் வாய் வரை வருகிறது... வந்து, ஏதோ ஒரு வேடிக்கையாக மாறி வெளியே விழுகிறது. அவள் கண்ணை மூடியபடியே சிரிக்கிறாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நடந்தது இதுதான்.

குளவி இல்லை. விளையாட்டும் இல்லை. அவளுடைய வலி பொய்யா என்று பார்க்கத்தான் கத்தினேன். கத்திவிட்டு நான்தான் முதலில் வெளியே ஓடினேன். எனக்குப் போர்த்துவதற்காக அவள் படங்கை எடுத்துக்கொண்டு தரையில் இழுபட்டு வந்தாள்.